கிட்டியும் மட்டையும்

களக்காட்டில் பிறந்த பையனுக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததுமே பச்சையாற்றுப் பக்கத்துத் தரிசுகளில் கிட்டிப்புள் ஆரம்பமாகிவிடும். தரையில் கீறிய ஒரு சிறு குழி. ஒரு முழத்துக்கு மேல் நீண்ட கிட்டி. இரு முனையும் கூராகச் சீவிய, சாண் நீளம்கூட இல்லாத புள். நுனியில் தட்டினால் புள் துள்ளி எழும். எழும்பியதை வீசி அடிக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அடித்தால் புள் வரப்புத் தாண்டி, வாய்க்கால் தாண்டி, வாழைத் தோட்டத்துக்குள் போய் விழும். அதைத் தேடி எடுப்பதற்குள் எங்களுக்குப் பொழுது சாய்ந்துவிடும். அவனைவிட நான் இரண்டு வகுப்பு மேலே படித்தேன். ஆனாலும் மாலை வேளைகளில் நான் அவனுக்குச் சீடன்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதிய டிரில் மாஸ்டர் வந்து சேர்ந்தார். சென்னை ஒய். எம். சி. ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920-ல் அதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரிலுள்ள ஒய். எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். 1891-ல் கூடைப்பந்தாட்டம் பிறந்ததும் அங்கேதான். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டியோடு பக் துரையும் போனார். 1943-ல் காலமானார். அவருடைய கல்லூரியில் தேறிய உபாத்தியாயர்கள்தாம் விசிலும் வெள்ளைச் சட்டையுமாக நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வந்தார்கள்.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டம் நம் கடற்கரையைத் தொட்டுவிட்டுப் போனதும் உண்டு. 1889 ஜனவரியில் ஸ்பால்டிங் என்ற விளையாட்டுச் சாமான் வியாபாரி இரண்டு கோஷ்டிகளை உலகம் சுற்ற அழைத்து வந்தார். கொழும்பில் ஒரு பந்தயம் ஆடிக் காட்டிவிட்டு அவர்கள் எகிப்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். இந்தியாவுக்குள் வரவில்லை. அந்த ஆட்டத்தின் தங்கையான ஸாஃப்ட்பாலைத்தான் எங்கள் மாஸ்டர் கொண்டு வந்தார். உருண்டையான அந்த மட்டைக்கு நாங்கள் முதல் நாளே 'உலக்கை' என்று பெயர் வைத்துவிட்டோம்.

மாஸ்டர் நல்ல ஆசிரியர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைக்கச் சொன்னார். இரண்டு கைகளும் இடைவெளி இல்லாமல் மட்டையைப் பிடிக்க வேண்டும் என்றார். தலை ஆடக் கூடாது. முன்கால் ஒரு சிறு அடி எடுத்து வைக்க, முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், கை அதற்குப் பிறகுதான் வரவேண்டும். "ஏலே, கையால அடிக்காதே, இடுப்பால அடி!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். எல்லாம் சரியான பாடந்தான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. மட்டை தரைக்கு இணையாக, கதிர் அறுக்கும் அரிவாள்போல் வர வேண்டும் என்பது அவர் சட்டம். எங்கள் கிட்டிப்புள் வீரனோ கீழிருந்து லேசாக மேல்நோக்கி வீசுவான். புள்ளை அடித்துப் பழகிய கை வேறெப்படி வீசும்? மூன்று வாரம் அவனைத் தனியாக நிறுத்தித் திருத்தினார். பந்து வரும்போதெல்லாம் அவன் பந்தைப் பார்க்கவில்லை, தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தும் படவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், சாயங்காலம் தரிசில் புள்ளும் படாமல் போயிற்று. சிரித்தவர்களில் நானும் ஒருவன். நாலாம் வாரம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. படிப்பை நிறுத்த வீட்டில் வேறு காரணங்கள் இருந்தன. ஆனாலும் அந்த மூன்று வாரம் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

பிற்காலத்தில் அடிக்கும் கலையைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். கேம்பிரிட்ஜில் ரஞ்சித்சிங்ஜி கிரிக்கெட் பழகியபோது, வேகப் பந்துக்கு விலகிப் போகிறார் என்று அவருடைய வலது காலைத் தரையோடு கட்டிவைத்துப் பழக்கினார்களாம். கட்டின கால் நகராததால் இடது காலைக் குறுக்கே வைத்து, உடம்புக்கு நேரே வந்த பந்தை மணிக்கட்டால் பின்பக்கமாகத் திருப்பிவிட்டார். உலகம் வியந்த அவருடைய லெக் கிளான்ஸ் அப்படிப் பிறந்தது என்கிறார்கள். 1896-ல் மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டிலேயே 62-ம், ஆட்டமிழக்காமல் 154-ம் எடுத்தார். பிராட்மனுக்கோ காலைக் கட்ட ஆளே இல்லை. ஆஸ்திரேலியாவில் பௌரல் என்ற சிற்றூரில், தண்ணீர்த் தொட்டியின் செங்கல் சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினார். அந்த ஆட்டம் இங்கிலாந்தில் செல்லாது என்று நிபுணர்கள் சொன்னார்கள்; 1930-ல் அங்கே ஐந்து டெஸ்டுகளில் 974 ஓட்டங்கள் எடுத்தார்.

கடைசியாக, சென்னையில் ஒரு நூலகத்தில், டெட் வில்லியம்ஸ் 1971-ல் வெளியிட்ட புத்தகம் கிடைத்தது. 1941-ல் 456 முறை அடிக்க நின்று 185 முறை வெற்றிகரமாக அடித்த பேஸ்பால் மேதை அவர். அடிக்கத் தக்க இடத்தை 77 பந்துகளாகப் பிரித்து, எங்கே வரும் பந்தை அடித்தால் எவ்வளவு பலன் என்று படம் போட்டிருந்தார். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும் என்று அவரும் சொல்லியிருந்தார். ஆனால் வீச்சு தரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற பழைய பாடத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எறிகிறவன் கையிலிருந்து பந்து கீழ்நோக்கித்தான் வருகிறது. மட்டை லேசாக மேல்நோக்கி வந்தால் பந்து வரும் கோட்டிலேயே சற்று அதிக நேரம் இருக்கும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் படும் என்பது அவர் வாதம். இதற்கு மாறாகச் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர்களும் அந்த நாட்டில் உண்டு. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் களக்காட்டுத் தரிசு கண்முன் வந்துவிட்டது.

அதைத் தமிழில் எழுதிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். மாஸ்டர் ஓய்வு பெற்று அங்கே இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். வெகுநேரம் பேசவில்லை.

"அந்தப் பயல் இப்ப எங்கே இருக்கான் தம்பி?" என்றார் பிறகு.

"களக்காட்டிலேதான் ஸார். வாழைத்தார் வியாபாரம்."

"நீ அடிச்சதுதான் சரின்னு நான் சொன்னேன்னு சொல்லு. மறந்துடாதே."

அடுத்த நாளே போய்ச் சொன்னேன். தார்களை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வில்லியம்ஸைப் பற்றி நான் சொன்னது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

"ஸார் நல்லா இருக்காகளா?" என்று கேட்டான். "இடுப்பால அடின்னு சொல்லிக் கொடுத்தாகள்லா? மம்பட்டி பிடிச்சு வெட்டும்போது இன்னைக்கும் அப்படித்தான் வெட்டுதேன். முதுகுவலியே கிடையாது."

பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெட்டி என் கையில் கொடுத்தான், ஸாரிடம் சேர்ப்பிக்கச் சொல்லி.