மக்களவையில் தனியொருவர்: பி. போக்கர் சாஹிப்

பொது சிவில் சட்டம் என்ற பேச்சு நாட்டில் எழும்போதெல்லாம் நம் இல்லங்களிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் ஒரு கவலை பரவுகிறது. நிகாஹ், மஹர், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத் வகுத்த நெறி நமக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்பதே அக்கவலை. இக்கேள்வி இன்று பிறந்ததன்று. அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோதே, அச்சபையின் நடுவில் எழுந்து நின்று இதனைக் கேட்டவர்கள் இருந்தனர். அவர்களுள் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபை நாம் அறிவோம். அவருக்குத் தோளோடு தோள் நின்ற சென்னை வழக்குரைஞர் பி. போக்கர் சாஹிபையோ நம் இளைய தலைமுறை ஏறக்குறைய மறந்தேவிட்டது.

போக்கர் சாஹிப் 1890-ஆம் ஆண்டு பிறந்தவர். மலபாரைச் சேர்ந்த மாப்பிள்ளை முஸ்லிம். அபூபக்கர் என்னும் திருப்பெயரே மலபார் மக்களின் நாவில் போக்கர் என்றாயிற்று. 1956 நவம்பரில் கேரள மாநிலம் உருவாகும்வரை மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே மலபார் இளைஞருக்கு உயர்நீதிமன்றம் என்றால் அது சென்னைதான். அங்கே வழக்குரைஞராகப் பெயர் பெற்றார். பின்னர் மாகாணச் சட்டமன்றத்தில் பணியாற்றி, அங்கிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார்.

அவர் சென்ற காலம் எளிதானதன்று. பிரிவினையின் குருதி வடக்கே காயாதிருந்த 1947 ஆகஸ்ட் 27-ஆம் நாள், சிறுபான்மையினர் பற்றிய அறிக்கை விவாதத்துக்கு வந்தது. முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறை தொடர வேண்டும் என்ற திருத்தத்தைப் போக்கர் சாஹிப் முன்மொழிந்தார். 1909 முதல் நடைமுறையில் இருந்த முறை அது. ஒரு சமுதாயத்தின் உள்ளக்கிடக்கையைச் சபையில் உரைப்பவரை அச்சமுதாயமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கோவிந்த வல்லப பந்த், இம்முறை சிறுபான்மையினருக்கே தற்கொலைக்கு ஒப்பானது என்று மறுத்தார். சர்தார் படேலின் மறுமொழி இன்னும் கடுமையாக இருந்தது. நாட்டைப் பிளந்த அதே வழியை மீண்டும் கேட்கிறீர்கள், இதை விரும்புவோருக்குப் பாகிஸ்தானில் இடமுண்டு, இங்கு இல்லை என்னும் பொருள்பட அவர் பேசினார். திருத்தம் தோற்றது.

போக்கர் சாஹிபின் அந்தக் கோரிக்கை சரியா என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கக்கூடும். தனித் தொகுதி சிறுபான்மையினரைப் பெரும்பான்மையிடமிருந்து நிரந்தரமாக விலக்கிவிடும் என்று அச்சபையின் முஸ்லிம் உறுப்பினரான பேகம் ஐஸாஸ் ரசூலும் வாதிட்டார். அந்த வாதத்தில் வலு இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் நாடு பிரிந்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத அந்நாளில், லீக் உறுப்பினர் என்றாலே ஐயத்துடன் நோக்கப்பட்ட அச்சபையில், சட்டத்தின் மொழியில் தம் மக்களின் கோரிக்கையை எடுத்துவைப்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் லீகின் தலைவர்கள் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகாகத் தொடர்வதென முடிவெடுத்தனர். அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், வரைவு அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு நிர்ணய சபையின் முன் வந்தது. குடிமக்கள் அனைவருக்கும் ஒரே உரிமையியல் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அப்பிரிவு. தனக்கெனத் தனிச் சட்டமுடைய எந்தச் சமுதாயமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்றொரு காப்புரையை இஸ்மாயீல் சாஹிப் முன்மொழிந்தார். மஹ்பூப் அலி பேக் சாஹிபும் போக்கர் சாஹிபும் அதனை ஆதரித்தனர்.

போக்கர் சாஹிபின் உரை முழுக்க முழுக்க ஒரு வழக்குரைஞரின் உரை. உணர்ச்சியைவிடச் சட்டப் புத்தகத்தையே அவர் நம்பினார். பிரிட்டிஷார் இந்நாட்டில் நீதி நிர்வாகத்தை நிலைநிறுத்தியதன் இரகசியமே, அந்தந்தச் சமுதாயத்தின் தனிச் சட்டத்தைக் கைவைக்காமல் விட்டதுதான் என்றார். மாகாணங்களின் உரிமையியல் நீதிமன்றச் சட்டங்களையே சான்றாகக் காட்டினார். இங்கே வாசகர்களுக்கு ஒரு விளக்கம். 1873-ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வாரிசுரிமை, திருமணம், சமய வழக்கம் ஆகியவை பற்றிய வழக்குகளில் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டத்தையும் இந்துக்களுக்கு இந்துச் சட்டத்தையும் கொண்டே தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது. அன்றாடம் நீதிமன்றத்தில் அவர் எடுத்தாண்ட சட்டம் அது.

அடுத்து அவர் கேட்டது சபையைச் சிந்திக்க வைத்திருக்க வேண்டிய கேள்வி. ஒரே சட்டம் என்றால் எதை அளவுகோலாகக் கொள்வது? இந்துக்களுக்குள்ளேயே பல்வேறு சட்ட மரபுகள் இருக்கின்றனவே, அவற்றுள் எது? இந்த எதிர்ப்பு முஸ்லிம்களுடையது மட்டுமன்று, இந்து அமைப்புகளிடமிருந்தும் தமக்கு முறையீடுகள் வந்துள்ளன, அவற்றின் சொற்கள் முஸ்லிம்களின் சொற்களைவிடக் கடுமையானவை என்றும் அவர் தெரிவித்தார். சிறுபான்மையின் பெயரால் மட்டும் பேசாமல், எவருடைய வழக்கத்தையும் பெரும்பான்மை பலத்தால் அழிக்கலாகாது என்ற பொது நெறியின்மேல் தம் வாதத்தை நிறுத்தினார்.

கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். குற்றவியல் சட்டம் அனைவருக்கும் ஒன்றாக்கப்பட்டபோது யாரும் மறுக்கவில்லையே என்றார் அல்லாடி. இறுதியில் எழுந்த டாக்டர் அம்பேத்கரின் மறுமொழிதான் போக்கர் சாஹிபின் சொந்த மண்ணையே தொட்டது. முஸ்லிம் தனிச் சட்டம் இந்தியா முழுவதும் மாறாமல் ஒரே சீராக இருந்ததில்லை என்று கூறிய அவர், எல்லைப்புற மாகாணத்தைச் சுட்டிக்காட்டியதோடு, வட மலபாரில் முஸ்லிம்களிடையேயும் மருமக்கத்தாயம் வழங்கிவந்ததை எடுத்துரைத்தார். உண்மைதான். தாய்வழிக் குடும்பமான தரவாட்டுக்குள் சொத்து தங்கிவிடும் அம்முறையில், பெற்ற பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்து செல்வதில்லை. குர்ஆன் வகுத்த பங்கீட்டை மலபார் முஸ்லிம்கள் அடைய 1918-ஆம் ஆண்டின் மாப்பிள்ளை வாரிசுரிமைச் சட்டம் போன்ற சட்டங்கள் தேவைப்பட்டன.

இந்த இடத்தில் நாம் நம்மையும் பார்த்துக்கொள்வது நல்லது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் அந்த விலக்கை நீக்கியது. சட்டம் வழிவிட்டது, நாம் நடந்தோமா? பெண் மக்களுக்குரிய பங்கைச் சீதனமாகவே கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, தந்தை மறைந்தபின் சகோதரர்கள் மட்டும் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் ஊர்கள் நம்மிடையே இல்லையா? மஹர் கொடுக்க வேண்டியவர் கைக்கூலி வாங்கும் நிக்காஹ்கள் இல்லையா? போக்கர் சாஹிப் சபையில் காக்க முயன்றது, அவரை அனுப்பிய மக்களின் வீடுகளில் எந்த அளவு வாழ்ந்தது என்பதே அம்பேத்கர் எழுப்பிய கேள்வியின் உட்கரு. சங்கடமாக இருப்பினும் அது நியாயமான கேள்விதான்.

காப்புரை ஏற்கப்படவில்லை. 35-ஆம் பிரிவு இன்றைய அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவாக நிலைபெற்றது. ஆனால் அன்றைய எதிர்ப்பு முற்றிலும் வீண்போகவுமில்லை. பிற்காலத்து நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றினாலும், தாமாக முன்வந்து ஏற்பதாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் முதலில் அது பொருந்துமாறு செய்யலாம் என்று அம்பேத்கர் சபையிலேயே கூறினார். இன்று இவ்விவாதத்தில் ஈடுபடும் எவரும் எடுத்துக்காட்டும் அவ்வுறுதிமொழி, இஸ்மாயீல் சாஹிபும் போக்கர் சாஹிபும் அவர்களுடைய தோழர்களும் எழுப்பிய எதிர்ப்புக்கு விடையாகப் பிறந்தது.

குடியரசின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. தனித் தொகுதி வேண்டுமென்று வாதாடித் தோற்ற போக்கர் சாஹிப், பொது வாக்காளர் பட்டியலின் கீழேயே மலப்புறம் தொகுதியில் நின்று 1952-இல் வென்றார். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதி அது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 489 உறுப்பினர்களுள் முஸ்லிம் லீகின் பெயரால் வென்றவர் அவர் ஒருவரே. பிரிவினையின் பழி இன்னும் அக்கட்சியின்மேல் சுமத்தப்பட்டிருந்த காலத்தில், பின்னால் கைதட்ட ஒரு தோழரும் இல்லாத இருக்கையில் ஐந்து ஆண்டுகள் அமர்ந்தார்.

1957-இல் மஞ்சேரி மக்கள் அவரை மீண்டும் மக்களவைக்கு அனுப்பினர். 1962-இல் அதே மஞ்சேரியில், மலையாள மண்ணின் மைந்தரல்லாத ஒருவர் வேட்பாளராக நின்று வென்றார். திருநெல்வேலியில் பிறந்த இஸ்மாயீல் சாஹிப்தான் அவர். 1967-இலும் 1971-இலும் மஞ்சேரி அவரையே தேர்ந்தெடுத்தது.