பெயரில்லாதோர் எழுப்பிய பேராலயம்

சிங்கப்பூரில் நகர மண்டப ரயில் நிலையத்தை விட்டு மேலேறி வருவோர், பசும்புல் வெளியின் நடுவே வெண்மையாக ஓங்கி நிற்கும் புனித அந்திரேயா பேராலயத்தைக் காணாமற் செல்ல இயலாது. வெள்ளையர் தம் வழிபாட்டுக்கென எழுப்பிய கட்டடந்தானே, இதில் நமக்கென்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். அக்கேள்விக்குரிய விடை அதன் சுவர்களிலேயே இருக்கின்றது.

இந்நிலத்தில் முதன்முதல் எழுந்த ஆலயம், கோல்மன் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1830களில் கட்டப்பெற்றது. அதனை 1845லும் 1849லும் இடி தாக்கிற்று. ஆபத்தென்று கருதி 1852இல் மூடினர், 1855இல் இடித்தனர். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் இன்றைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1861 அக்டோபரில் முதல் வழிபாடு நடைபெற்றது.

திட்டம் வகுத்தவர் ரொனால்ட் மக்பர்சன். இவர் அரசாங்கப் பொறியாளர். கைதிகளின் மேற்பார்வையாளரும் இவரே. கட்டியவர்களோ இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்த இத்தகையோர் 1825 முதல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அனைவரும் தமிழரல்லர், ஆயினும் தமிழரும் அவருள் இருந்தனர். குற்றவாளிகளாய் வந்தவர்கள் இங்கே செங்கல் அறுக்கவும் சுண்ணாம்பு சுடவும் தச்சும் கொல்லும் செய்யவும் பயின்று கைதேர்ந்த தொழிலாளராயினர்.

அவர்தம் கைத்திறனுக்குச் சான்று இவ்வாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு. ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் சுனாம்’ என்று குறித்தது நம் சென்னைச் சுண்ணச் சாந்தையே. அது செய்யும் முறையை, கைதிகளின் மேற்பார்வையாளராயிருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்தார். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் கூட்டிக் குழைப்பர். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதனுடன் சேர்ப்பர். பூசி உலர்ந்தபின் படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்து, மாக்கல் தூளைத் தூவி மெருகேற்றுவர். பூச்சு பளிங்குபோல் மின்னும். கப்பலேறி வந்தவர் கையில் பொருளில்லை. அவர் நாட்டுத் தொழிலறிவோ உடன் வந்தது.

ஆலயத்தின் கீழ்த்திசைச் சாளரங்கள் மூன்றும் ராஃபிள்ஸ், கிராபர்ட், பட்டர்வொர்த் ஆகியோர் நினைவுக்குரியவை. மக்பர்சனுக்கும் வளாகத்தில் நினைவுச் சின்னம் உண்டு. ஆனால் சாந்து குழைத்தவன் பெயரைத் தாங்கிய சாளரம் ஒன்றுமில்லை. 1873இல் கைதிகள் நிலையம் மூடப்பட்டது. விடுதலை பெற்றோர் பலர் இந்நகர மக்களோடு கலந்து மறைந்தனர்.

1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் வீழ்ச்சியுறும் தறுவாயில், காயமுற்றோர்க்கு அவசர மருத்துவமனையாக நின்றதும் இவ்வாலயமே. 1973இல் அரசாங்கம் இதனைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. சட்டம் கல்லையும் காரையையும் காக்கும். அவற்றை ஆக்கியோர் நினைவைச் சட்டத்தால் மட்டும் காத்தல் இயலாது. அது நம் கடமை.

மாணவரை இங்கு அழைத்து வரும் ஆசிரியர்கள், ஆலயம் கட்டப்பெற்ற ஆண்டைச் சொல்லி நிறுத்திவிடலாகாது. சுவரைக் காட்டி, இதைப் பூசியவர் யாவர் என்று வினவ வேண்டும். தண்டனை பெற்று வந்த மனிதரும் ஒரு நகரத்தை ஆக்க வல்லவர் என்பதை அவ்வினாவின் வழி இளையோர் உணர்வர். இதனினும் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறு யாது?