பார்த்தும் சொல்லாத விரிசல்

மண்சட்டி வாங்கப் போனால் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். ‘ணங்’ என்று கேட்டால் சட்டி வீட்டுக்கு வரும். சத்தம் அமுங்கினால் கடையிலேயே இருக்கும். கண்ணுக்குப் படாத கீறலைக் காது பிடித்துவிடும். விமானப் பராமரிப்புக் கூடங்களிலும், ஒட்டிய தகடுகளில் பசை விட்டிருக்கிறதா என்று நாணயத்தால் தட்டிக் கேட்கும் பழக்கம் உண்டு. ஆனால் சட்டியைத் தட்டுவதும் தட்டாததும் வாங்குகிறவர் இஷ்டம். வயதான விமானத்தை இத்தனை முறை பறந்த பிறகு, இந்த இடத்தில், இந்தக் கருவியால் சோதித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல. விரிசல் விட்டால் எப்படியும் தெரிந்துவிடும் என்று பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை தவணை தவணையாக உடைந்தது.

முதல் தவணை 1954. பிரிட்டனின் காமெட்தான் உலகில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச்சென்ற ஜெட் விமானம். ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய ஒன்று எல்பா தீவின் அருகே கடலில் சிதறி விழுந்தது. ஏப்ரல் 8 அன்று, அதே ரோமிலிருந்து கிளம்பிய இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கத்துக் கடலில். காரணம் தேடியவர்கள் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீரை அழுத்திச் செலுத்துவதும் அழுத்தத்தைக் குறைப்பதுமாகப் பறத்தலை நடித்துக் காட்டினார்கள். காற்றை அடைத்தால் உடையும்போது வெடித்துச் சாட்சியமே சிதறிப்போகும். தண்ணீர் என்றால் கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். நிஜமாகப் பறந்ததும் தொட்டியில் பறந்ததும் சேர்த்து 3,057 ஆனபோது, ஒரு திறப்பின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது.

கட்டடம் கட்டுகிற இடத்தில் கம்பி கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கட்டுக்கம்பியை வெட்டக் குறடு கையில் இல்லையென்றால் அதே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடித்துவிடுவார். இழுத்தால் அறாத கம்பி அப்படி அறும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். உயரத்தில் மூச்சு விடுவதற்காக விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. அப்போது உடல் மயிரிழை அளவு உப்பும், இறங்கியதும் சுருங்கும். ஒரு பயணம், ஒரு மடக்கல். எல்பாவில் விழுந்த விமானம் 1,290 மடக்கல்களையே தாங்கியிருந்தது.

அதன்பின் வந்த வடிவமைப்பாளர்கள் கூட்டுக்குடும்ப ஏற்பாடு செய்தார்கள். அண்ணன் படுத்துவிட்டால் தம்பி பார்த்துக்கொள்வான் என்பதுபோல, ஒரு பாகம் ஒடிந்தாலும் பக்கத்துப் பாகம் சுமையைத் தாங்கும்படி கட்டினார்கள். அதற்குள் ஒடிந்தது யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்பது கணக்கு. 1977 மே 14 அன்று ஜாம்பியாவின் லுசாகாவில் தரையிறங்க வந்த போயிங் 707 சரக்கு விமானத்தின் வாலில் வலப்பக்கக் கிடை இறக்கை பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் இருந்த 6 பேரும் இறந்தார்கள். தம்பி கொஞ்ச காலம் தாங்கியிருக்கிறான். அண்ணன் படுத்ததைத்தான் யாரும் வந்து பார்க்கவில்லை. பிறகு அதே வகை வால் கொண்ட 521 விமானங்களைச் சோதித்ததில் 38 விமானங்களில் விரிசல் இருந்தது. 1978இல் அமெரிக்க விதி மாறியது. ஒரு பாகம் ஒடிந்தால் பக்கத்துப் பாகம் தாங்கும் என்று காட்டுவது இனிப் போதாது. விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அது எத்தனை பயணத்தில் எவ்வளவு வளரும், ஆபத்தாவதற்குள் அதை எப்போது தேட வேண்டும் என்று கணக்குக் காட்ட வேண்டும். விதி புது வடிவங்களுக்கானது. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த பழைய விமானங்களுக்குக் கூடுதல் சோதனைப் பட்டியல்கள் தயாராகின. காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

காகிதத்துக்கு வெளியே ஹவாய் இருந்தது. அலோஹா ஏர்லைன்ஸின் வேலை தீவிலிருந்து தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவது, கிட்டத்தட்ட டவுன் பஸ் மாதிரி. 1969இல் வந்துசேர்ந்த ஒரு போயிங் 737, 1988 ஏப்ரலுக்குள் 89,680 முறை பறந்திருந்தது. மொத்த நேரம் 35,496 மணி. ஒரு பயணத்துக்குச் சராசரி 24 நிமிடம்கூட இல்லை. அந்த ரகத்துக்குத் தயாரிப்பாளர் வைத்திருந்த இலக்கு 20 ஆண்டு, 51,000 மணி நேரம், 75,000 பயணம். ஆண்டுக் கணக்கில் அதற்கு இன்னும் இருபது ஆகவில்லை. மணிக் கணக்கில் நடுத்தர வயது. மடக்கல் கணக்கில்தான் கிழம். விமானத்தின் வயதை எதைக்கொண்டு அளப்பது என்பது புத்தகக் கேள்வியாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

அதன் தோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அலுமினியத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சுமார் மூன்று அங்குலம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவே பசை தோய்ந்த துணி, மேலே மூன்று வரிசை ரிவெட். சுமையைச் சுமக்க வேண்டியது பசை, ரிவெட் துணைக்கு மட்டும். ஆனால் அந்தப் பசையைக் குளிரில் வைத்திருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. குளிர்ந்த சொம்பில் வியர்ப்பதுபோல அதில் ஈரம் படிந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. சரியாகப் பிடிக்காத இடுக்கில் ஹவாயின் உப்புக்காற்று புகுந்து அரித்தது. பசை விட்டதும் பாரம் முழுக்க ரிவெட் ஓட்டைகளின் விளிம்புக்கு வந்தது. தலை வெளியே துருத்தாமலிருக்க ஓட்டையைச் சரிவாகக் குடைந்திருந்ததால் அந்த விளிம்பு கத்திமுனைபோல மெலிந்திருந்தது. பசையின் குறை தெரிந்து 1972லேயே தயாரிப்பாளர் ஒட்டும் முறையை மாற்றிவிட்டார். அதற்கு முன் கட்டியவை பறந்துகொண்டுதான் இருந்தன.

1987இல் தயாரிப்பாளர் ஓர் எச்சரிக்கைச் சுற்றறிக்கை விட்டார்: தகடு சேரும் எல்லா இணைப்புகளையும், கண்ணுக்குப் படாத கீறலையும் காட்டும் சுழல் மின்னோட்டக் கருவியால் சோதியுங்கள். சுற்றறிக்கை அறிவுரைதான். அதைக் கட்டாயமாக்குவது எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமான நிர்வாகத்தின் வேலை. அவர்கள் கட்டாயமாக்கினார்கள், ஆனால் ‘எல்லா’ என்பதை எடுத்துவிட்டார்கள். விமானத்தின் உடலில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களில், இரு பக்கமும் நான்காம் நீள்சட்டத்தை ஒட்டிய இணைப்பைப் பார்த்தால் போதும் என்று உத்தரவு வந்தது. அலோஹா விமானத்தில் விரிசல்கள் வரிசைகட்டி வளர்ந்துகொண்டிருந்தது இடப்பக்கம், பத்தாம் நீள்சட்டத்தை ஒட்டிய இணைப்பில்.

1988 ஏப்ரல் 28, ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு. 24,000 அடியில் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. விமானிகள் ராபர்ட் ஷார்ன்ஸ்தைமரும் மேடலின் டாம்ப்கின்ஸும் திரும்பிப் பார்த்தபோது முதல் வகுப்பின் கூரை இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. 13 நிமிடத்தில் மாவி தீவில் இறக்கிவிட்டார்கள். அப்படி ஒரு விமானத்தை இறக்கியதை என்னவென்று சொல்வது! பெல்ட் போட்டிருந்த பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். நின்றுகொண்டிருந்த பணிப்பெண் கிளாராபெல் லான்சிங் காற்றில் வெளியே இழுக்கப்பட்டார். 37 ஆண்டுகள் அதே வேலையில் இருந்தவர். உடல் கிடைக்கவில்லை.

இந்த ரகத்தில், விரிசல் ஓடினால் பத்து அங்குலத்துக்கு ஒன்றாக வைத்த தடுப்புப் பட்டை அதை நிறுத்தும், தகடு சின்னக் கதவுபோல மடிந்து திறக்கும், காற்று மெல்ல வெளியேறும் என்றெல்லாம் திட்டமிட்டிருந்தார்கள். ஒரு விரிசல் என்றால் அது நடந்திருக்கும். இங்கே ஓட்டைக்கு ஓட்டை குட்டிக் குட்டி விரிசல். தபால்தலைத் தாளில் துளை வரிசை எப்படியோ அப்படி. ஒன்றோடொன்று கைகோத்ததும் பட்டையெல்லாம் கணக்கிலேயே இல்லை.

விசாரணை அறிக்கையில் இரண்டு இடங்கள் மனதை விட்டு நீங்குவதில்லை. ஒன்று, சோதனையாளர்களின் வேலை. விமானம் பகலெல்லாம் பறக்கும், ஆகவே சோதனை இரவில். சாரத்தில் ஏறி, வளைந்த கூரைமேல், ஒரு கையில் விளக்கும் மறு கையில் கருவியுமாக, சில நேரம் விழாமலிருக்க மேற்கூரையில் கட்டிய கயிற்றோடு, ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்குத் தெரியும், பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு கண் கல்லைப் பார்க்காது, அரிசியைத்தான் பார்க்கும்.

இன்னொன்று ஒரு பயணியின் வாக்குமூலம். ஹிலோவில் ஏறும்போது, வாசலுக்குப் பக்கத்தில் தகட்டில் நீளவாக்கில் ஒரு விரிசல் இருந்ததைப் பார்த்தாராம். ரிவெட் வரிசையை ஒட்டி, அந்தப் பத்தாம் இணைப்பில். யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் சக்கரம் ஆடுவதுபோலத் தெரிந்தால் நாம் எத்தனை பேர் டிரைவரிடம் போய்ச் சொல்கிறோம்? தெரியாதா அவர்களுக்கு என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

அடுத்த சில வாரங்களுக்குள், ஜூன் மாதம், மூப்படையும் விமானங்களுக்கென்றே சர்வதேச மாநாடு கூடியது. அரிப்பைத் தடுக்கும் திட்டம் கட்டாயமானது. தேடித் தேடிப் பார்ப்பதையே நம்பியிராமல், குறிப்பிட்ட பயணம் முடிந்ததும் ரிவெட்டையே மாற்று என்ற உத்தரவுகள் வந்தன. சோதிப்பவரின் கண்ணையும் களைப்பையும் ஆராயப் பணம் ஒதுக்கினார்கள். நியூ மெக்சிகோவின் சாண்டியா ஆய்வகத்தில், சோதனைக் கருவிகள் சொல்வது மெய்தானா என்று சோதிக்க ஒரு மையம் திறந்தார்கள். 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் மூப்பு விமானப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது: 14 ஆண்டு கடந்த பயணி விமானத்தின் உடலையும் ஏடுகளையும் அரசு அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். சட்டம் விதியாக உருப்பெற்று இறுதியானது 2005இல். அதற்கும் 14 ஆண்டு! இத்தனை பயணத்துக்குமேல் இந்த ரகம் பறக்கவே கூடாது என்று உச்சவரம்பு வைக்கும் விதி 2010 நவம்பரில் வந்தது.

2011 ஏப்ரல் 1 அன்று அரிசோனா மேலே பறந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 737 ஒன்றின் கூரையில் ஐந்தடி நீள ஓட்டை விழுந்தது. வயது 15. பயணக் கணக்கு 40,000கூட ஆகவில்லை. அந்த இணைப்பை 60,000 பயணம் வரை பார்க்க வேண்டியதில்லை என்பது தயாரிப்பாளரின் கணிப்பு. இந்த முறை பழி முதுமைமேல் இல்லை. தொழிற்சாலையில் ஒரு தகட்டை மாற்றிப் பொருத்தியபோது துளைகள் ஒன்றுக்கொன்று நேராக விழவில்லை. 15 ஆண்டு அந்தத் துளைகள் வண்ணப்பூச்சுக்கு அடியில் இருந்தன. நான்கு நாளில் புது உத்தரவு வந்தது: 30,000 பயணத்திலேயே தேடத் தொடங்குங்கள். தேடியதில், மற்ற சில விமானங்களிலும் அதே இணைப்பில் விரிசல் இருந்தது.