ஒரே மரம், மூன்று தேசம்

மலேசியாவின் கெடாவில் எங்கள் தோட்டத்தில் அம்மா பால் வெட்டிய நிரையில் நின்றவை ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரக ரப்பர் மரங்கள். அந்த ரகத்துக்குத் தாய், ஜாவாவில் தேர்ந்தெடுத்த ஜிர் 1. தகப்பன், சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்து பி.பி. 86, இன்றைய புத்ராஜெயா அந்தத் தோட்டத்து மண்ணில்தான் எழுந்தது. பிள்ளையோ தாய்லாந்தின் ரப்பர் நிலங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அண்டை நாடுகளில் எது கெட்டிக்கார நாடு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வம்சாவளியைத்தான்.

ஆரம்பத்தில் கையிருப்பு எல்லாருக்கும் ஒன்றே. 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் மறுவருடம் சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரத் தோட்டத்தை நடத்திய ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். அம்மாவின் கைவேலை அதுதான். சரிவான கோட்டில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டை சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும். பிறகு அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது.

அடுத்து முந்தியவர்கள் ஜாவா, சுமாத்ராவில் இருந்த டச்சுக்காரர்கள். அதிகம் பால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு பெயர்த்து, நாற்றின் பட்டைக்குள் செருகிக் கட்டும் ஒட்டுமுறையை 1910களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது 1925இல்தான். ஆனால் ஏற்றுமதியாகும் ரப்பர்மீது வசூலித்த வரி அதற்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது. யுத்தமும் விடுதலைப் போராட்டமும் இந்தோனேசியாவை உலுக்கிய வருடங்களில் மலாயா முன்னே போனது.

செயற்கை ரப்பர் நெருக்கியபோது வந்தது 1965இல் மலேசியாவின் எஸ்.எம்.ஆர். தரமுறை. அதுவரை புகையூட்டிய ஷீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். சிறிது ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருளைகளில் விட்டால் உறைந்த பால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதை உலர்த்தி, கட்டியாக அழுத்தி, அழுக்கின் அளவைச் சோதித்து எண் போட்டார்கள். எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய அளவு. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இதே வழியில் தங்கள் தரமுறைகளை அமைத்துக்கொண்டன.

ரக உருவாக்கத்தில் தாய்லாந்தின் பெயர் அன்று பெரிதாக இல்லை. ஆனால் 1960இல் மறுநடவு உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தி, பழைய மரத்தை வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று நடச் சிறு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் உலக முதலிடம் அதன் கைக்குப் போயிற்று. இந்தோனேசியாவிடம் நிலம் ஏராளம். ஒட்டுமுறையை முதலில் கண்ட மண்ணும் அதுவே. அங்கே சுமாத்ரா, கலிமந்தான் சிறு விவசாயிகள் பலர் காட்டோடு காடாக, விதையில் முளைத்த மரங்களையே வெகுகாலம் வைத்திருந்தார்கள். காப்புரிமைகளை எண்ணி நாடுகளை வரிசைப்படுத்துபவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் திடமான எண்ணம்.

மலேசியா செம்பனைக்கும் கையுறைத் தொழிலுக்கும் நகர்ந்துவிட்டது. கையுறை ஆலைகளுக்கு வேண்டிய ரப்பர் பாலில் பெரும்பங்கு இன்று தாய்லாந்திலிருந்து வருகிறது.

ஒட்டுமரம் பழைய மரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பால் தந்தது. எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் சடாவ் பக்கத்து விவசாயிக்கு மரம் சொந்தம். கூடுதல் பாலும் அவருக்கே. இந்தப் பக்கம் அம்மாவுக்கு நாள் கூலி. மரம் தோட்டத்துக்குச் சொந்தம், லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தம்.