மாடு இழுத்த ஒத்தை ரயில்

போளூர்ல பூண்டு மூட்டை இப்பவும் காட்டிலிருந்து ரோட்டுக்கு குதிரை முதுகுலதான் வருது. (நாங்க காடுன்னு சொன்னா அது வெள்ளாமை நிலம்.) வண்டி இறங்காத சரிவுக்கு வேற வழி இல்ல.

ஆனா இந்த மலைக்கு அந்தப் பக்கம், வட்டவடையைத் தாண்டி, ஒரு காலத்துல மாடு கட்டி ரயிலே ஓட்டியிருக்காங்க. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக 1902-ல் போட்ட பாதை அது. தண்டவாளம் ஒன்றே ஒன்றுதான். அதன் மேல் சின்னச் சக்கரங்கள் உருளும். வண்டி சாயாமல் இருக்க பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், அது ரோட்டிலேயே ஓடும். பாரத்தில் பெரும்பங்கு தண்டவாளத்தின் மேல் போய்விடுவதால் மாட்டுக்கு இழுவை லேசு. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி.

1908-ல் ஒத்தைத் தண்டவாளத்தை எடுத்துட்டு, இரண்டடி அகலத்துல வழக்கமான ரயில்பாதை போட்டாங்க. 1924 வெள்ளம் அதையும் அடிச்சுட்டுப் போயிருச்சு. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்துக்காரங்க அதை இன்னும் தொண்ணூற்றொன்பது வெள்ளம்னுதான் சொல்வாங்க. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலோட சக்கரம் ஒன்று இருக்கு. மாடு இழுத்த வண்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதே மாதிரி வண்டியைப் பார்க்கணும்னா டெல்லிக்குப் போகணும். பஞ்சாப்ல பாட்டியாலா மகாராஜா 1907-ல் இதே முறையில் ரயில் விட்டார். மகாராஜாகிட்ட இருந்த கோவேறு கழுதைகளும் இழுத்திருக்கு, பெர்லின்ல செஞ்ச நாலு நீராவி எஞ்சின்களும் இழுத்திருக்கு. 1927-ல் ரயிலை மூடிட்டாங்க. எஞ்சின்களை யாரும் மெனக்கெட்டு உடைக்கலை, அப்படியே துருப்பிடிச்சுக் கிடந்தது. அதைக் காப்பாத்தினது அந்த அசட்டைதான்னு எனக்குத் தோணும். நம்ம பக்கம் புதுசு வந்ததும் பழசைப் பிடுங்கிட்டாங்களே!

1962-ல் மைக் சாட்டோன்னு ஒரு வெள்ளைக்காரர் அதைக் கண்டுபிடிச்சார். ஐ.சி.ஐ. கம்பெனி வேலையா இந்தியாவுக்கு வந்தவர். ரயில் அவருக்குப் பிழைப்பு இல்ல, பைத்தியம். பிறகு அமிர்தசரஸ் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் ஒரு எஞ்சினைப் பழையபடி ஓடவைத்தார்கள். பழைய அடிச்சட்டம் ஒன்று கிடைத்தது, அதன் மேல் ஒரு பெட்டியைப் புதுசாகக் கட்டினார்கள். 1977-ல் திறந்த டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இரண்டும் இருக்கின்றன. பெட்டி புதுசுதானேன்னு சிலர் குறை சொல்லலாம். எங்க வீட்டு மண்வெட்டிக்கு எத்தனை தடவை பிடி மாத்தியாச்சுன்னு கணக்கே இல்ல, இன்னும் அது தாத்தா மண்வெட்டிதான்.

எங்க அட்டத்துல அப்பாவோட குதிரைச் சேணம் ஒண்ணு கிடக்கு. தோல் கிழிஞ்சு, வாரு அறுந்து போச்சு. பழைய சாமான்காரர் வர்றப்பெல்லாம் போட்டுடலாம்னு வீட்டுல சொல்றாங்க. நான் இன்னும் குடுக்கலை. தைக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்.