கணவாயும் மூச்சும்

தருமபுரியினின்றும் சேலத்துக்கு இறங்கும் பெருவழியில் அமைந்த தொப்பூர்க் கணவாய், 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் சேனையும் அதைத் தொடர்ந்த ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் மெடோஸின் சேனையும் கடந்த யுத்தப் பாதையாயிருந்து, இன்று சரிவில் விரையும் லாரிகளின் விபத்துக்களால் பெயர் பெற்றது. அவ்விபத்துக்களில் பட்ட உடற்காயம் ஆறிய பின்னும் பிரேக் சப்தம் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சம் நடுங்குவோர்க்கு மருந்து யாது?

வைத்தியத்தோடு தியானமும் இவர்க்குத் துணையாகலாம். பர்மாவில் பிறந்த வியாபாரி சத்ய நாராயண் கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியால் வருந்தி, 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்ற அரசாங்க உத்தியோகஸ்தரிடம், மூச்சையும் உடலின் உணர்வுகளையும் சமசித்தத்தோடு கவனிக்கும் விபாஸனா தியானத்தைக் கற்றார். வியாதி தணிந்ததோடு வாழ்வின் லட்சியமும் வாய்க்கவே, 1969-இல் பாரதம் வந்து அதைப் போதிக்கலானார். 1994-இல் டில்லியின் திகார் சிறையில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் ஒருங்கே அமர்ந்து பயின்றனர்.

தியானம் வைத்தியத்துக்குப் பதிலன்று, துணையே. கியரைக் குறைத்து நிதானமாய்க் கணவாய் இறங்கும் சாரதி அறிந்த மார்க்கமும் இந்தச் சமசித்தமே.