கரடிக்கான தோட்டாவும் அரசின் அச்சமும்

இமயக் கருங்கரடியை வீழ்த்த எந்தத் தோட்டா ஏற்றது என்னும் வினாவுக்குக் காலனிய இந்தியாவில் விலங்கின் எடை மட்டும் விடை தரவில்லை. அரசின் அச்சமும் விடை தந்தது. படையினர் பயன்படுத்திய .303 தோட்டா குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. வேட்டைக்காரரிடமிருந்து களவுபோகும் தோட்டா கிளர்ச்சியாளரின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே கவலை. 1907ஐ ஒட்டி .450 அளவுக்கும் தடை வந்தது. அதே விட்டமுள்ள பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் அப்போதும் புழக்கத்தில் இருந்தன. பிரித்தானியத் துப்பாக்கி நிறுவனங்கள் சளைக்கவில்லை; .470, .465 எனச் சற்றே பருத்த தோட்டாக்களைச் சந்தைக்குக் கொணர்ந்தன.

.303 விட்டுச்சென்ற இடத்தை .315 நிரப்பியது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவே அது. அங்கே போர்க்கலம், இங்கே, ஆங்கிலேயப் படை அதைக் கையாளாத ஒரே காரணத்தால், வேட்டைப்பொருள். பெயரிடலில் இதைவிட வேடிக்கையான இடமாற்றம் அரிது.

விடுதலைக்குப் பின்னர் தில்லி நாடாளுமன்றம் இயற்றிய 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1962இன் விதிகளும் இப்பிரிவினையைக் கைவிடவில்லை. அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் .315 துப்பாக்கியையே குடிமக்களுக்குச் செய்தளித்தன. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் கரடி வேட்டைக்கே கதவடைத்தன, உரிமத் தாள்களில்.315 இன்றும் நீடிக்கிறது.